போலீஸ் லைசன்ஸ்: மினசோட்டா தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கீழே இருக்கும் கேள்விகள் எல்லாம் காதில் விழுந்தவை. பிள்ளை போலீஸ் வேலைக்குப் போக ஆசைப்படுகிறதே என்று திகைத்த பெற்றோர் கேட்டவை சில. ஊரிலிருந்து போனில் உறவினர்கள் கேட்டவை சில. மினியாபோலிஸில் போலீஸ் பிடியில் ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்த 2020-க்குப் பிறகு செய்தியைப் பார்த்துவிட்டுக் கோபத்தில் கேட்டவையும் உண்டு. முடிந்தவரை கேட்டவர்களின் வார்த்தையிலேயே போட்டிருக்கிறேன். அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும் விஷயம். அதனால் மினசோட்டாவை வைத்தே பேசுகிறேன். தேவைப்படும் இடத்தில் மட்டும் மற்ற மாநிலங்களை எட்டிப் பார்க்கலாம்.

போலீசுக்கு எதுக்குங்க லைசன்ஸ்? டிரைவிங் லைசன்ஸ் மாதிரியா?

டாக்டருக்கும் நர்ஸுக்கும் இருக்கிற மாதிரி ஒரு தொழில் உரிமம். இந்த ஆள் காவல் அதிகாரியாக வேலை பார்க்கத் தகுதியானவர் என்று மாநிலம் கொடுக்கும் சான்று. அது இல்லாத ஒருவரை மினசோட்டாவில் எந்த நகரமும் கைது செய்யும் அதிகாரத்தோடு போலீஸ் வேலையில் வைத்துக்கொள்ள முடியாது.

அமெரிக்காவில் போலீசுக்கு இப்படி மாநில அளவில் லைசன்ஸ் முறையைக் கொண்டுவந்ததில் மினசோட்டாதான் முன்னோடி. 1977-ல் சட்டமன்றம் அதற்கென்று ஒரு வாரியத்தை உருவாக்கியது. இதே மாநிலம்தான் முடி திருத்துபவர்களுக்கும் நாட்டிலேயே முதலில் லைசன்ஸ் சட்டம் போட்டது, 1897-ல். கத்தரிக்கோல் பிடிப்பவருக்கு வந்த விதி துப்பாக்கி பிடிப்பவருக்கு வர எண்பது ஆண்டுகள் ஆகியிருக்கிறது.

நம்ம ஊர்ல கான்ஸ்டபிளுக்கு லைசன்ஸ்னு ஒண்ணும் கிடையாதே. இங்க மட்டும் ஏன்?

தமிழ்நாட்டில் போலீஸ் என்பது ஒரே துறை. கன்னியாகுமரியில் இருக்கும் காவலருக்கும் திருத்தணியில் இருப்பவருக்கும் முதலாளி ஒருவர்தான்: மாநில அரசு. சீருடைப் பணியாளர் தேர்வாணையம் ஆளெடுக்கிறது, துறை பயிற்சி கொடுக்கிறது, தப்பு செய்தால் அதே துறை 3-பி சார்ஜ் என்ற குற்றச்சாட்டுக் குறிப்பு கொடுத்து விசாரிக்கிறது. டிஸ்மிஸ் ஆனவர் மறுபடி அரசு வேலைக்கு வருவது சாதாரணமாக நடக்காது. ஆக, தனியாக ஒரு லைசன்ஸ் இருந்து அதைப் பிடுங்கவேண்டிய அவசியமே அங்கே எழவில்லை.

இங்கே கதை வேறு. நாடு முழுக்கச் சுமார் 18,000 காவல் துறைகள். நகரத்துக்கு ஒன்று, கவுண்டிக்கு (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஒன்று, பல்கலைக்கழகத்துக்குக்கூடத் தனியாக ஒன்று. மினசோட்டாவில் மட்டும் 400-க்கும் மேல். ஒவ்வொன்றும் தனித்தனி முதலாளி. ஒரு நகரம் வேண்டாம் என்று அனுப்பியவரை இருபது மைல் தள்ளி இன்னொரு நகரம் வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். பல முதலாளிகள் இருக்கும் இடத்தில் எல்லோருக்கும் மேலே ஒருவர் தகுதியைக் கவனிக்கவேண்டி வருகிறது. லைசன்ஸ் என்ற ஏற்பாடே அதற்குத்தான். இதைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பதில்களில் பாதி தானாகவே புரியும்.

லைசன்ஸ் கொடுக்கறது யாரு? சிட்டியா, கவுண்டியா, ஸ்டேட்டா?

மாநிலம். அமைதி அலுவலர் தரநிலை மற்றும் பயிற்சி வாரியம் என்று நீளமான பெயர். எல்லோரும் சொல்வது போஸ்ட் போர்டு. ஆளுநர் நியமிக்கும் உறுப்பினர்களில் காவல் துறையினரும் உண்டு, பொதுமக்களும் உண்டு. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அதிகாரிகளின் லைசன்ஸ் இவர்கள் கையில் இருக்கிறது.

சம்பளம், சீருடை, பேட்ஜ், ரோந்து எந்தத் தெருவில் என்பதெல்லாம் வேலைக்கு எடுத்த நகரமோ கவுண்டியோ பார்த்துக்கொள்ளும். வேலை கொடுப்பது ஊர், லைசன்ஸ் கொடுப்பது மாநிலம்.

ஷெரிஃப், பார்க் போலீஸ், மால்ல நிக்கற செக்யூரிட்டி... இவங்க எல்லாருக்கும் வேணுமா?

நகரப் போலீஸ், ஷெரிஃபின் டெபுடிகள், நெடுஞ்சாலையில் நிற்கும் ஸ்டேட் பேட்ரோல், மினியாபோலிஸ் பார்க் போலீஸ், மெட்ரோ டிரான்சிட் போலீஸ், காட்டில் மீன்பிடி லைசன்ஸ் கேட்டு வரும் வனவிலங்கு அதிகாரி, பல்கலைக்கழகப் போலீஸ்: எல்லோருக்கும் இதே லைசன்ஸ்தான். கவுண்டி ஷெரிஃப் மக்கள் ஓட்டுப் போட்டு வருபவர்; ஆனாலும் மினசோட்டாவில் ஷெரிஃப் பதவிக்கு மனு போடும்போதே அவரிடம் லைசன்ஸ் இருக்கவேண்டும். ஓட்டு மட்டும் போதாது.

மாலில் நிற்கும் செக்யூரிட்டிக்கு இது கிடையாது. தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கு வேறு ஒரு வாரியம் இருக்கிறது. சிறைக் காவலர்களும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். டெக்சஸில் இருப்பவர்கள் இதைப் படித்தால் குழம்பவேண்டாம்: அங்கே போலீஸ், கவுண்டி சிறைக் காவலர், 911 அழைப்பை எடுப்பவர் என்று மூன்று தரப்புக்கும் ஒரே ஆணையம் லைசன்ஸ் கொடுக்கிறது.

சில இடத்துல சர்டிஃபிகேட்னு சொல்றாங்க, சில இடத்துல லைசன்ஸ்னு சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணா?

நடைமுறையில் பெரும்பாலும் ஒன்றுதான். அது இல்லாமல் வேலை பார்க்க முடியாது, மாநிலம் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் முக்கியம். குழப்பம் வருவது டெக்சஸ் போன்ற இடத்தில். அங்கே லைசன்ஸும் உண்டு, அதற்கு மேல் அனுபவத்துக்கும் பயிற்சிக்கும் ஏற்ப அடிப்படை, இடைநிலை, உயர்நிலை, மாஸ்டர் என்று சான்றிதழ்களும் உண்டு. மாஸ்டர் சான்றிதழ் இல்லாவிட்டால் வேலை போகாது. லைசன்ஸ் இல்லாவிட்டால் போகும்.

பையன் ஹைஸ்கூல் முடிச்சதும் நேரா போலீஸ்ல சேர முடியுமா?

மினசோட்டாவில் முடியாது. குறைந்தது இரண்டு வருடக் கல்லூரிப் பட்டம் வேண்டும். வெறும் பட்டம் மட்டும் இல்லை. வாரியம் அங்கீகரித்த காவல் கல்வித் திட்டத்தையும் முடித்திருக்கவேண்டும். அலெக்சாண்ட்ரியா, ஹென்னபின் டெக், மான்கேட்டோ, மெட்ரோ ஸ்டேட் போன்ற கல்லூரிகளில் அது இருக்கிறது. சட்டம், உளவியல், அறிக்கை எழுதுவது எல்லாம் வகுப்பறையில். துப்பாக்கி, வண்டி ஓட்டுவது, தற்காப்பு எல்லாம் களத்தில். முதலுதவிச் சான்றும் வேண்டும்.

மற்ற பல மாநிலங்களில் ஹைஸ்கூல் டிப்ளமா போதும். வேலைக்கு எடுத்த பிறகு சம்பளம் கொடுத்து அகாடமிக்கு அனுப்புவார்கள். இங்கே தலைகீழ்: முதலில் சொந்தச் செலவில் படிப்பு, அப்புறம்தான் வேலை தேடல். இது நல்லதா கெட்டதா என்று இங்கேயே வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பும் காவல் துறைத் தலைவர்கள் விதியைத் தளர்த்தச் சொல்கிறார்கள். பத்தொன்பது வயதுப் பையனை நேராகப் பேட்ரோல் காரில் உட்காரவைப்பதைவிட இது மேல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பொண்ணு கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சுட்டு இப்ப போலீஸ் ஆகணும்கறா. மறுபடி முதல்லேர்ந்து படிக்கணுமா அண்ணா?

முழுப் பட்டமும் மறுபடி வேண்டாம். ஏற்கெனவே வேறு துறையில் பட்டம் இருந்தால் அந்தக் காவல் கல்விப் பகுதியை மட்டும் சான்றிதழாகப் படித்து முடிக்கலாம். இன்னும் சுருக்கமான வழியும் உண்டு: வேறு படிப்பு படித்தவர்களையே தேடி எடுத்து, சம்பளமும் கொடுத்துப் பயிற்சியும் தரும் திட்டத்தை ஸ்டேட் பேட்ரோல் நடத்துகிறது. 2023-ல் சட்டமன்றம் இதே மாதிரி ஒரு தீவிரப் பயிற்சித் திட்டத்தை மற்ற காவல் துறைகளும் பயன்படுத்துகிற மாதிரி கொண்டுவந்தது. ராணுவத்தில் போலீஸ் பணி பார்த்தவர்களுக்கும் தனி வழி இருக்கிறது.

அவளைத் தடுக்க ஏதாவது விதி கிடைக்குமா என்பதற்காகத்தான் இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்றால், கிடைக்காது.

பரீட்சை பாஸ் பண்ணிட்டா லைசன்ஸ் கையில வந்துடுமா?

வராது. பலர் தடுக்கி விழும் இடம் இது. வாரியத்தின் தேர்வில் தேறியவர் லைசன்ஸ் பெறத் தகுதியுள்ளவர், அவ்வளவுதான். அந்தத் தகுதி மூன்று ஆண்டு நிற்கும். அதற்குள் ஏதாவது ஒரு காவல் துறை வேலைக்கு எடுத்து, இவர் எங்கள் ஆள் என்று வாரியத்துக்கு எழுதினால்தான் லைசன்ஸ் உயிர்பெறும். வேலை இல்லாமல் லைசன்ஸ் மட்டும் வாங்கி வீட்டில் மாட்டி வைக்க முடியாது.

வேலைக்கு எடுக்கும் துறைக்கும் கடமைகள் உண்டு. பின்னணி விசாரணை, கைரேகை எடுத்துக் குற்றப் பதிவு தேடல், மருத்துவப் பரிசோதனை, உளவியல் நிபுணரின் மதிப்பீடு, உடல் வலிமைத் தேர்வு, நேர்முகம் எல்லாவற்றையும் முடித்துத்தான் எடுக்கவேண்டும். பின்னணி விசாரணை என்றால் சும்மா கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டிப் பார்ப்பது இல்லை. பழைய முதலாளிகள், அக்கம்பக்கம், கடன், சமூக வலைத்தளப் பதிவு வரைக்கும் போவார்கள். நல்ல துறை இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும். அவசரத்தில் இருக்கும் துறை இதில்தான் கோட்டை விடும். அதன் விலை என்ன என்பது பக்கத்து மாநிலம் பற்றிய கேள்வியில் வரும்.

காலேஜ்ல படிக்கும்போது சின்னதா ஒரு கேஸ் இருந்துச்சு. அதனால வேலை கிடைக்காம போயிடுமா?

எந்தக் கேஸ் என்பதைப் பொறுத்தது. ஃபெலனி எனப்படும் பெருங்குற்றத்தில் தண்டனை இருந்தால் கதவு மூடியாகிவிட்டது. திருட்டு, பொய்ச் சாட்சியம் போல நேர்மையைத் தொடும் வேறு சில குற்றங்களும் விதியில் பட்டியலாகவே இருக்கின்றன. வேகமாக வண்டி ஓட்டி அபராதம் கட்டியது அந்த வகையில் வராது. ஆனால் செல்லுபடியாகும் டிரைவிங் லைசன்ஸ் இருக்கவேண்டும்.

தனியாகச் சொல்லவேண்டிய ஒன்று குடும்ப வன்முறை. அதில் மிஸ்டிமீனர் என்ற சிறு குற்றத் தீர்ப்பு இருந்தாலே கூட்டாட்சிச் சட்டம் துப்பாக்கி வைத்திருக்கத் தடை போடுகிறது. போலீஸ் என்பதற்காக விலக்கு இல்லை. துப்பாக்கி தொடமுடியாதவர் இங்கே போலீசாக இருக்க முடியாது. இன்னொன்று: பழைய விஷயத்தை விண்ணப்பத்தில் மறைப்பது, அந்த விஷயத்தைவிடப் பெரிய தப்பாகப் பார்க்கப்படும்.

கிரீன் கார்டு போதுமா, இல்ல சிட்டிசன் ஆகணுமா? எச்1பி-ல இருக்கறவங்க?

ரொம்ப காலம் பல மாநிலங்களில் குடியுரிமை கட்டாயமாக இருந்தது. கொஞ்ச வருடங்களாகத் தளர்ந்துகொண்டு வருகிறது. கலிபோர்னியா 2023 ஜனவரியிலிருந்து, கூட்டாட்சிச் சட்டப்படி வேலை செய்ய உரிமை இருந்தால் போதும் என்று மாற்றியது. மினசோட்டாவின் இப்போதைய விதியும் அந்தப் பக்கம்தான்: குடிமகன், அல்லது இங்கே வேலை செய்யத் தகுதி உள்ளவர். கிரீன் கார்டு இருந்தால் விண்ணப்பிக்கலாம். இருந்தாலும் தனித்தனித் துறைகள் தங்கள் பங்குக்குக் கூடுதல் நிபந்தனை வைக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

எச்1பி நடைமுறையில் சரிப்படாது. அந்த விசா ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தோடும் ஒரு குறிப்பிட்ட வேலையோடும் கட்டப்பட்டது. அதோடு, குடியேற்றம் இல்லாத விசாவில் வந்திருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதற்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் பொதுவான தடையும் இருக்கிறது.

எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை ரினியூ பண்ணணும்?

மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை. எல்லோரும் ஒரே வருடத்தில் வந்து குவியாமல் இருக்க, கடைசிப் பெயரின் ஆங்கில முதல் எழுத்தை வைத்து மூன்று அணியாகப் பிரித்திருக்கிறார்கள்: ஏ முதல் ஜி வரை, எச் முதல் எம் வரை, என் முதல் இஸட் வரை. ஒவ்வொரு வருடமும் ஒரு அணியின் லைசன்ஸ் ஜூன் இறுதியில் முடியும். நம்மவர்களில் பலருக்கு அப்பா பெயர்தான் கடைசிப் பெயர் என்பதால் அப்பா பெயரின் முதல் எழுத்துதான் கணக்கு.

புதுப்பிக்கத் தேவையானவை இரண்டு: கட்டணம், தொடர் பயிற்சி மணிநேரம். மூன்று ஆண்டில் 48 மணி நேரம் பயிற்சி முடித்திருக்கவேண்டும். நடுவில் சேர்ந்தவர்களுக்கு வருடத்துக்கு 16 என்ற கணக்கில் குறையும். டெக்சஸில் இரண்டு ஆண்டில் 40 மணி நேரம், கலிபோர்னியாவில் இரண்டு ஆண்டில் 24. நியூ ஜெர்சி லைசன்ஸ் முறைக்கே 2024-ல்தான் வந்தது. அங்கேயும் மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை.

அந்த 48 மணி நேரத்துல என்னதான் சொல்லித் தர்றாங்க?

கொஞ்சம் சட்டம் கட்டாயமாக்கியது, மீதி அவரவர் துறை தேர்ந்தெடுப்பது. துப்பாக்கியும் பலப்பிரயோகமும் ஒவ்வொரு வருடமும் கட்டாயம். வண்டியைத் துரத்துவது, அவசரமாக ஓட்டுவது பற்றிய பயிற்சி ஐந்து ஆண்டுக்கு 8 மணி நேரம். 2018 ஜூலையிலிருந்து இன்னொன்று சேர்ந்தது: மனநெருக்கடியில் இருப்பவரை எப்படிக் கையாள்வது, மோதலை எப்படித் தணிப்பது, மனதுக்குள் இருக்கும் பாரபட்சத்தை எப்படி அடையாளம் காண்பது என்று மூன்று ஆண்டில் 16 மணி நேரம். 2016-ல் ஃபால்கன் ஹைட்ஸில் வண்டியை நிறுத்திய இடத்தில் பிலாண்டோ காஸ்டீல் சுட்டுக் கொல்லப்பட்டதற்கு அடுத்த வருடம் சட்டமன்றம் போட்ட விதி அது. 2020-ல் ஆட்டிசம் உள்ளவர்களோடு பழகுவது பற்றி 4 மணி நேரம் சேர்த்தார்கள்.

புதுப்பிக்கும்போது பரீட்சை எதுவும் கிடையாது. வகுப்பில் உட்கார்ந்த நேரம்தான் கணக்கு. இந்த முறையில் எனக்குப் பிடிக்காத பகுதி இது. 48 மணி நேரம் உட்கார்ந்தவர் என்ன கற்றுக்கொண்டார் என்பதை லைசன்ஸ் சொல்லாது.

மணி நேரம் குறைஞ்சுபோச்சு, இல்ல தேதியை மறந்துட்டார்னா?

லைசன்ஸ் காலாவதியாகும். காலாவதியான லைசன்ஸோடு போலீஸ் வேலை பார்க்கக் கூடாது. ஆனால் இது அபூர்வம்தான். பயிற்சியைப் பெரும்பாலும் துறையே ஏற்பாடு செய்து கணக்கும் வைத்துக்கொள்கிறது. தன் ஆள் ரோந்துக்குப் போக முடியாமல் உட்காருவதை எந்தத் துறைத் தலைவரும் விரும்பமாட்டார்.

வேலையை விட்டுட்டு ரெண்டு வருஷம் வீட்ல இருந்தா லைசன்ஸ் என்ன ஆகும்?

செயலற்ற நிலைக்குப் போகும். பெயர் பதிவில் இருக்கும், ஆனால் அதிகாரம் இருக்காது. சாதாரணக் குடிமகனுக்கு மேல் கைது செய்யும் உரிமை அவருக்குக் கிடையாது. கட்டணம் கட்டி, பயிற்சி மணிநேரத்தைச் சேர்த்துக்கொண்டே வந்தால் லைசன்ஸைக் காப்பாற்றி வைக்கலாம். மறுபடி ஒரு துறை எடுத்தவுடன் விழித்துக்கொள்ளும். முன்னால் பரீட்சை பற்றிச் சொன்ன அதே தத்துவம்தான்: முதலாளி இல்லாமல் லைசன்ஸ் இயங்காது.

டெக்சஸ்ல பத்து வருஷம் போலீஸா இருந்தவர் இங்க வந்தா அப்படியே சேர்ந்துக்கலாமா?

முடியாது. டிரைவிங் லைசன்ஸை மாற்றிக்கொள்வது போல அலுவலகத்தில் போய் மாற்ற முடியாது. அங்கே பெற்ற பயிற்சியையும் அனுபவத்தையும் காட்டி, வெளிமாநிலத்தவருக்கென்று இருக்கும் தேர்வை எழுதவேண்டும். மினசோட்டாச் சட்டம் தெரியுமா என்பதுதான் அதில் முக்கியம். முதலிலிருந்து கல்லூரிக்குப் போகவேண்டியதில்லை என்பது ஆறுதல். அதன் பிறகும் ஒரு துறை வேலைக்கு எடுத்தால்தான் லைசன்ஸ்.

டிஸ்மிஸ் பண்ணிட்டா லைசன்ஸும் போயிடும்தானே?

போகாது. என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான், பதிலைக் கேட்டு யாரும் சும்மா இருந்ததில்லை.

வேலை ஊர் கொடுத்தது, ஊர் எடுத்துக்கொள்ளலாம். லைசன்ஸ் மாநிலம் கொடுத்தது. அதை எடுக்க வாரியம் தனியாக நடவடிக்கை எடுக்கவேண்டும், அல்லது சட்டம் தானாக ரத்து செய்யும் சூழ்நிலை வரவேண்டும். வேலையிலிருந்து நீக்கப்பட்டவரின் லைசன்ஸ் போன கேள்விக்கு முந்தையதில் சொன்ன மாதிரி தூங்கப் போகிறது, அவ்வளவே. இன்னொரு நகரம் எடுத்தால் எழுந்துகொள்ளும்.

நீக்கம்கூட நிற்கும் என்று உறுதி இல்லை. தொழிற்சங்க ஒப்பந்தப்படி அதிகாரி நடுவரிடம் போகலாம். நீக்கியது அதிகப்படி என்று நடுவர் நினைத்தால் வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வார். மினசோட்டாவில் இது பலமுறை நடந்திருக்கிறது. 2020-க்கு முன்பு அந்த நடுவரை நகரமும் சங்கமும் சேர்ந்து பட்டியலிலிருந்து பொறுக்கினார்கள். ஒரு பக்கத்துக்கு அடிக்கடி எதிராகத் தீர்ப்பு சொன்னால் அடுத்த தடவை கூப்பிடமாட்டார்கள் என்பது நடுவருக்கும் தெரியும். 2020 சட்டம் போலீஸ் ஒழுங்கு வழக்குகளுக்குத் தனிப் பட்டியல் வைத்து, யார் நடுவர் என்பதை இரு தரப்பின் கையிலிருந்தும் எடுத்துவிட்டது.

அப்ப லைசன்ஸ் எப்பத்தான் போகும்?

ஃபெலனியில் குற்றவாளி என்று தீர்ப்பானால் தானாகவே ரத்து. வாரியம் கூடிப் பேசவேண்டியதே இல்லை. ஆனால் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கவேண்டும். ஜார்ஜ் ஃபிளாய்ட் 2020 மே 25-ல் இறந்தார். மறுநாளே அந்தச் சம்பவத்தில் இருந்த நான்கு அதிகாரிகளையும் மினியாபோலிஸ் வேலையிலிருந்து நீக்கியது. அவர்களில் டெரெக் ஷாவின் என்பவர் மீதான குற்றத் தீர்ப்பு வந்தது 2021 ஏப்ரல் 20-ல். நீக்கத்துக்கு ஒரு நாள், தீர்ப்புக்குக் கிட்டத்தட்டப் பதினொரு மாதம். அத்தனை வீடியோ ஆதாரம் இருந்த வழக்கிலேயே அப்படி.

ஃபெலனிக்குக் கீழே இருக்கும் குற்றங்களில்தான் ஓட்டை பெரியது. 2017-ல் ஸ்டார் டிரிபியூன் நாளிதழ் பழைய பதிவுகளைத் தோண்டி எழுதியது: இருபது ஆண்டில் நூற்றுக்கணக்கான மினசோட்டா அதிகாரிகள் ஏதாவது ஒரு குற்றத்தில் தண்டிக்கப்பட்டிருந்தார்கள், பெரும்பாலானவர்கள் மீது வாரியம் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை. அப்புறம் நீண்ட இழுபறி. 2023-ல்தான் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. இப்போது நீதிமன்றத் தீர்ப்பு இல்லாவிட்டாலும், நடத்தை விதியை மீறினார் என்று நிரூபணமானால் வாரியம் லைசன்ஸில் கைவைக்கலாம். அத்துமீறிய பலப்பிரயோகமும், வெறுப்பு அமைப்புகளில் சேர்ந்திருப்பதும் அதில் அடக்கம்.

கலிபோர்னியா இதில் இன்னும் பின்தங்கி இருந்தது. போலீஸ் தரநிலை ஆணையத்தை 1959-லேயே ஆரம்பித்த மாநிலம் அது. ஆனால் சான்றிதழைப் பறிக்கும் அதிகாரத்தை 2003-ல் அதனிடமிருந்து எடுத்துவிட்டார்கள். 2021-ல் போட்ட சட்டத்தால்தான் அது திரும்பி வந்தது. 2023 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

லைசன்ஸ் போனவர் பக்கத்து மாநிலத்துல போய் சேர்ந்துக்கிட்டா யார் தடுப்பாங்க?

லைசன்ஸ் ரத்தானவர்களின் பெயரைச் சேர்த்து வைக்கும் தேசியப் பட்டியல் ஒன்று இருக்கிறது. மாநில வாரியங்களின் இயக்குநர்கள் சேர்ந்து அமைத்த சங்கம் அதை நடத்துகிறது. வேலைக்கு எடுப்பதற்கு முன் அதில் பெயர் இருக்கிறதா என்று ஒரு துறை பார்க்கலாம். ஆனால் பெயர்களை அனுப்புவது மாநிலங்களின் விருப்பம். எந்தக் குற்றத்துக்கு ரத்து என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இங்கே ரத்தாகும் தப்பு அங்கே ரத்தாகாமல் போகலாம்.

பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. ரத்தானவர்கள்தான் பட்டியலில் வருவார்கள். மாட்டிக்கொள்ளும் நேரத்தில் தானாகவே ராஜினாமா செய்தவர் வரமாட்டார். ஒஹையோவில் நடந்தது இது: ஒரு சிறு நகரத்துக் காவல் துறையில், இவர் இந்த வேலைக்கு ஏற்றவர் அல்ல என்று மேலதிகாரி கோப்பில் எழுதிய பிறகு ஒரு அதிகாரி 2012-ல் விலகினார். கிளீவ்லேண்டு நகரம் அந்தக் கோப்பைப் பார்க்காமலேயே 2014-ல் அவரை எடுத்துக்கொண்டது. அந்த நவம்பரில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயது டமீர் ரைஸை அவர் சுட்டுக் கொன்றார். 2017-ல் அவரை நீக்கியதும் சுட்டதற்காக இல்லை, வேலை விண்ணப்பத்தில் உண்மையை மறைத்ததற்காக. 2018-ல் அதே மாநிலத்தில் இன்னொரு சிற்றூர் அவரை எடுக்கப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அவரே விலகினார்.

இது தனி ஆள் கதை இல்லை. ஃப்ளோரிடாவின் முப்பது ஆண்டுப் பதிவுகளை வைத்து 2020-ல் வெளியான ஆய்வில், முன்பு எங்கோ நீக்கப்பட்ட சுமார் 1,100 பேர் எந்த ஒரு வருடத்தை எடுத்தாலும் அந்த மாநிலத்தில் போலீசாக இருந்தார்கள் என்று தெரிந்தது. அவர்கள் மறுபடி நீக்கப்படும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். அவர்களை எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் பணவசதி குறைந்த துறைகள். பயிற்சி முடித்த ஆள் மலிவாகக் கிடைத்தால் பழைய கோப்பை யார் திறந்து பார்க்கப்போகிறார்கள்?

எஃப்பிஐ, ஐஸ் (குடியேற்றச் சட்டத்தை அமல்படுத்தும் துறை) ஆட்களுக்கும் மினசோட்டா லைசன்ஸ் வேணுமா?

வேண்டாம். அவர்கள் கூட்டாட்சி அரசின் ஊழியர்கள். அதிகாரம் கூட்டாட்சிச் சட்டத்திலிருந்து வருகிறது. பயிற்சி வெர்ஜீனியாவின் குவாண்டிகோவிலும் ஜார்ஜியாவின் கிளிங்கோவிலும். போஸ்ட் போர்டு அவர்கள் லைசன்ஸை ரத்து செய்ய முடியாது, ஏனென்றால் ரத்து செய்ய லைசன்ஸே இல்லை. அவர்கள் மீதான புகார் அந்தந்தக் கூட்டாட்சித் துறைக்குத்தான் போகவேண்டும்.

கூட்டாட்சி அதிகாரிகளின் ஒழுங்குமீறல்களைச் சேர்த்து வைக்கும் ஒரு தரவுத்தளம் பைடன் ஆட்சியில் 2023 டிசம்பரில் ஆரம்பமானது. 2025 ஜனவரியில் டிரம்ப் அந்த உத்தரவை ரத்து செய்தார்; தரவுத்தளமும் மூடப்பட்டது.

என் வண்டியை நிறுத்தின அதிகாரிக்கு லைசன்ஸ் இருக்கான்னு நான் பார்க்க முடியுமா? புகார் யார்கிட்ட கொடுக்கணும் சார்?

பார்க்கலாம். வாரியத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் லைசன்ஸ் இருக்கிறதா, எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும். அதற்குப் பெயரும் பேட்ஜ் எண்ணும் வேண்டும். டிக்கெட்டில் இருக்கும், இல்லாவிட்டால் மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சாலை ஓரத்தில் நின்று லைசன்ஸ் இருக்கிறதா என்று அவரிடமே வாதம் பண்ணாதீர்கள். அந்த நேரத்தில் அது உங்களுக்கு உதவாது.

புகாரை முதலில் அந்த அதிகாரி வேலை பார்க்கும் துறைக்குக் கொடுங்கள். புகாரை எப்படி வாங்கி எப்படி விசாரிப்பது என்று எழுத்தில் ஒரு நடைமுறை வைத்திருப்பது ஒவ்வொரு துறைக்கும் சட்டப்படி கட்டாயம். அதன் நகலைக் கேட்டு வாங்கலாம். நடத்தை விதி மீறல் என்று நினைத்தால் போஸ்ட் போர்டுக்கும் தனியாக எழுதலாம். தேதி, நேரம், இடம், என்ன சொன்னார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள். உடல் கேமரா பதிவை அழிக்காமல் வைக்கும்படி உடனே எழுத்தில் கேளுங்கள், ஏனென்றால் பதிவுகளை எப்போதைக்கும் வைத்திருக்கமாட்டார்கள். உங்கள் மேலேயே ஏதாவது வழக்கு போட்டிருந்தால், புகாரில் ஒரு வரி எழுதுவதற்கு முன் வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.